இரண்டாவது சாவி எங்கே? செகண்ட் ஹேண்ட் கார் வாங்குவோர் உஷார்!

உத்திரமேரூர்:

செகண்ட் ஹேண்ட் கார் வாங்கப் போகிறவர்கள் டயரைப் பார்க்கிறார்கள். இன்ஜின் சத்தத்தைக் கேட்கிறார்கள். ஏ.சி. போட்டுப் பார்க்கிறார்கள். இன்ஷூரன்ஸ் எப்போது முடிகிறது என்று விசாரிக்கிறார்கள். எல்லாம் முடிந்து, விலை பேசி, பணம் எண்ணிக் கொடுத்த பிறகு கையில் ஒரே ஒரு சாவி வருகிறது.

இன்னொரு சாவி எங்கேன்னு கேட்டால், "வீட்டில் எங்கேயோ இருக்கு, தேடி எடுத்துத் தர்றேன்" என்று பதில் வரும். அந்தச் சாவி பெரும்பாலும் வருவதே இல்லை. வாங்கினவரும் நாலு நாளில் அதை மறந்து விடுகிறார்.

இதில் என்ன இருக்கு, சாவிக் கடையில் ஒரு டூப்ளிகேட் போட்டுக்கலாமே என்று நினைத்தால் அங்கேதான் சிக்கல். இப்போது வரும் கார்களின் சாவி வெறும் இரும்பு இல்லை. அதற்குள்ளே ஒரு சிப் இருக்குது. அந்த சிப்பை கார் அடையாளம் கண்டால்தான் இன்ஜின் ஓடும். வராமல் போன அந்த இரண்டாவது சாவியின் சிப்பையும் உங்கள் கார் இன்னும் ஞாபகம் வைத்திருக்கிறது. பணம் கொடுத்து காரை வாங்கியது நீங்கள். ஆனால் அதை ஸ்டார்ட் பண்ணி ஓட்டிக்கொண்டு போகக் கூடிய சாவி இன்னொருத்தர் வீட்டு பீரோவில் கிடக்கிறது.

நாளைக்கு கார் காணாமல் போனால், இன்ஷூரன்ஸ் கம்பெனி உங்களிடம் கேட்பதும் அதே சாவியைத்தான்.

அந்தக் காலச் சாவியும் இந்தக் காலச் சாவியும்

அம்பாசிடர், பழைய மாருதி 800 ஓடிய காலத்தில் கார் சாவி என்பது பீரோ சாவி மாதிரி. பல்லு சரியாக இருந்தால் கதவு திறக்கும், வண்டி ஓடும். சாவி தொலைந்தால் பஸ் நிலையம் பக்கம் குடை விரித்து உட்கார்ந்திருக்கும் சாவிக்காரரிடம் போனால் அரை மணியில் வேலை முடிந்தது. திருடனுக்கும் அதே வசதிதான். இக்னிஷன் ஒயரைப் பிய்த்து இரண்டையும் ஒன்றாகத் தொட்டால் வண்டி கிளம்பிவிடும்.

இதைத் தடுக்க வந்ததுதான் இம்மொபிலைசர். சாவியின் கறுப்பு பிளாஸ்டிக் தலைக்குள்ளே விரல் நகத்தைவிடச் சின்னதாக ஒரு சிப் பதித்திருப்பார்கள். இதற்கு டிரான்ஸ்பாண்டர் என்று பெயர். இந்த சிப்புக்கு பேட்டரி கிடையாது. சாவி நுழைக்கும் இடத்தைச் சுற்றி ஒரு காப்பர் காயில் இருக்கும். சாவியைத் திருப்பியதும் அந்தக் காயில் மெல்லிய ரேடியோ அலையை அனுப்பும். அந்த அலையிலிருந்தே கரண்ட் எடுத்துக்கொண்டு சிப் தன்னுடைய ரகசிய எண்ணைச் சொல்லும். காருக்குள் இருக்கும் கம்ப்யூட்டர் அதைச் சரிபார்க்கும். சரியாக இருந்தால் பெட்ரோல் போகும், இன்ஜின் ஓடும். தப்பாக இருந்தால் இன்ஜின் சுற்றினாலும் பிடிக்காது. சில வண்டிகளில் ஒரு நொடி ஓடி அப்படியே நின்றுவிடும். மீட்டர் போர்டில் சாவிப் படம் போட்ட விளக்கு மின்னும்.

நிறைய பேர் ரிமோட்டையும் இதையும் ஒன்றாகக் குழப்பிக் கொள்கிறார்கள். கதவைத் திறக்க பட்டன் அமுக்குகிறோமே, அது வேற. அதற்குத்தான் சின்ன வட்ட பேட்டரி. அது தீர்ந்து போனால் பட்டன் வேலை செய்யாது, அவ்வளவுதான். சாவியால் கதவைத் திறந்து வண்டியை எடுத்துக்கொண்டு போகலாம். பட்டன் ஸ்டார்ட் கார்களிலும் சாவியை ஸ்டார்ட் பட்டனை ஒட்டிப் பிடித்தோ, கம்பெனி புத்தகத்தில் சொன்ன இடத்தில் வைத்தோ கிளப்பலாம். பேட்டரி தீர்ந்ததற்கே சாவி போச்சுன்னு பயந்து ரெக்கவரி வண்டியைக் கூப்பிட வேண்டியதில்லை.

திருட்டு குறைந்ததா?

குறைந்தது. ஐரோப்பிய யூனியன் முழுக்க 1998 அக்டோபரிலிருந்து புது கார்களுக்கு இம்மொபிலைசர் கட்டாயம் ஆனது. ஆஸ்திரேலியாவில் 2001, கனடாவில் 2007. நெதர்லாந்து நாட்டு கார் திருட்டுக் கணக்கை வைத்து இரண்டு பொருளாதார நிபுணர்கள் நடத்திய ஆய்வில், 1995 முதல் 2008 வரையிலான காலத்தில் இந்தக் கருவியால் கார் திருட்டு சுமார் 40 சதவீதம் குறைந்தது என்று தெரிய வந்தது.

அதே ஆய்வில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. சிப் இருக்கும் காரை விட்டுவிட்டு, சிப் இல்லாத பழைய கார் பக்கம் திருடர்கள் திரும்பியிருக்கிறார்கள். நம்ம பக்கம் இது யோசிக்க வேண்டிய சங்கதி. உத்திரமேரூர், மானாம்பதி, பெருநகர், சாலவாக்கம் பக்கம் பழைய காரும் டிராக்டரும் வீட்டு வாசலிலும் களத்து மேட்டிலும்தான் ராத்திரி நிற்கிறது. டிராக்டரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஒரே கம்பெனி டிராக்டர்களில் பலவற்றுக்கு ஒரே சாவி பொருந்தும். பக்கத்து வயல்காரர் சாவியில் நம்ம வண்டி கிளம்புவதை நிறைய விவசாயிகள் பார்த்திருப்பார்கள்.

கருவி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் நடந்த கூத்தே சாட்சி. அங்கே இம்மொபிலைசரைக் கட்டாயமாக்கிச் சட்டம் போடவில்லை. 2015 மாடல் கார்களை எடுத்துக்கொண்டால், மற்ற கம்பெனிகளின் மாடல்களில் 96 சதவீதத்தில் இந்தக் கருவி இருந்தது. ஹூண்டாய், கியா மாடல்களில் 26 சதவீதத்தில்தான் இருந்தது என்கிறது அமெரிக்க இன்ஷூரன்ஸ் ஆய்வு அமைப்பின் கணக்கு.

2021-ல் மில்வாக்கி நகரத்தில் சிறுவர்கள் இதைக் கண்டுபிடித்து விட்டார்கள். ஸ்டியரிங் கீழே இருக்கும் மூடியைப் பிய்த்து, இக்னிஷன் லாக்கைக் கழற்றி, செல்போன் சார்ஜர் ஒயரின் முனையை உள்ளே செருகித் திருப்பினால் கார் ஸ்டார்ட். அதை வீடியோ எடுத்து போட, நாடு முழுக்க கார்கள் பறிபோனது. கடைசியில் 2023 பிப்ரவரியில் சுமார் 83 லட்சம் கார்களுக்கு இலவசமாக சாப்ட்வேர் மாற்றித் தருவதாக இரண்டு கம்பெனிகளும் அறிவித்தன. கோர்ட்டு வழக்கில் சுமார் 20 கோடி டாலர் வரை கொடுத்து சமரசம் பேச வேண்டி வந்தது.

கார் செய்வது நம்ம மாவட்டம், ஆனால்...

அந்த ஹூண்டாய் கம்பெனி 1998-லிருந்து கார் செய்வது எங்கே? நம்ம காஞ்சீபுரம் மாவட்டம் இருங்காட்டுக்கோட்டையில். ஒரகடத்தில் 2010-ல் ரெனோ-நிசான் ஆலை வந்தது. உலகத்துக்கே கார் அனுப்புகிற மாவட்டம் இது. உத்திரமேரூர் தாலுகாவிலிருந்தும் கம்பெனி பஸ் ஏறி வேலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஆனால் இதே மாவட்டத்தின் கிராமத்தில் ஒருவருக்கு கார் சாவி தொலைந்தால் கதை வேறு.

முதலில் ஆர்.சி. புக், அடையாள அட்டையோடு ஷோரூம் போக வேண்டும். சேஸிஸ் நம்பரை வைத்து, பல்லு வெட்டிய சாவியை ஆர்டர் போடுவார்கள். அது வர நாள் ஆகும். வந்த பிறகும் வேலை முடியாது. சாவியின் சிப்பை காருக்கு அறிமுகம் செய்து வைக்க வேண்டும். மெக்கானிக்குகள் இதை கோடிங், புரோகிராமிங் என்கிறார்கள். இதற்கு காரும் சாவியும் ஒரே இடத்தில் இருந்தாக வேண்டும். ஓடாத காரை ஓட்டிக்கொண்டா போக முடியும்? காஞ்சீபுரத்துக்கோ செங்கல்பட்டுக்கோ ரெக்கவரி வண்டியில் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். இல்லாவிட்டால் மிஷினோடு வீட்டுக்கே வரும் தனியார் ஆளைத் தேட வேண்டும். சாவி விலை, கோடிங் கூலி, ரெக்கவரி வாடகை எல்லாம் சேர்ந்து ஆயிரக்கணக்கில் போய் நிற்கும். நடுவில் கார் இல்லாமல் கழியும் நாட்களுக்குக் கணக்கே இல்லை. டாக்சி ஓட்டிப் பிழைப்பவருக்கு அத்தனை நாளும் வருமானம் போச்சு.

இங்கேதான் இரண்டாவது சாவியின் அருமை தெரியும். கையில் வேலை செய்கிற சாவி ஒன்று இருந்தால், காரை நாமே ஓட்டிக்கொண்டு போய் இன்னொன்று போட்டு வரலாம். வேலையும் சுலபம், செலவும் குறைவு. ஒரு சாவிகூட இல்லாத நிலை வந்தால் சில கார்களில் இம்மொபிலைசர் பெட்டியையோ கம்ப்யூட்டரையோ மாற்றுகிற அளவுக்குக்கூட போகிறது. இரண்டில் ஒன்று தொலைந்தால் செலவு. இருந்த ஒன்றும் தொலைந்தால் தண்டம்.

புதுக் கார் வாங்கும்போது சாவிக் கொத்தில் ஒரு சின்னத் தகடோ அட்டையோ இருக்கும். அதில் இருப்பது சாவி நம்பர். நிறைய பேர் அதை அழகுக்கு என்று நினைத்து சாவியோடே தொங்க விட்டிருக்கிறார்கள். சாவி தொலையும்போது தகடும் சேர்ந்து தொலைகிறது. அதைவிட மோசம், அந்த நம்பர் யார் கையில் கிடைத்தாலும் பல்லு வெட்டி விடலாம். அதைக் கழற்றி, வீட்டுப் பத்திரத்தோடு பீரோவில் வைப்பதுதான் புத்திசாலித்தனம்.

டோர் லாக் மாற்றினால் போதுமா?

சாவி தொலைந்தவர்களும், ஒற்றைச் சாவியோடு கார் வாங்கினவர்களும் உடனே செய்வது டோர் லாக்கை மாற்றுவது. அப்பாடா, இனி பயமில்லைன்னு நிம்மதியாக இருக்கிறார்கள். இதில் பாதிதான் உண்மை.

இப்போதைய காருக்கு இரண்டு பூட்டு. ஒன்று கண்ணுக்குத் தெரிகிற இரும்புப் பூட்டு. அது கதவிலும், டிக்கியிலும், இக்னிஷனிலும் இருக்கிறது. இன்னொன்று கண்ணுக்குத் தெரியாத சிப் பூட்டு. அது கம்ப்யூட்டரில் இருக்கிறது. ஒன்றை மாற்றினால் மற்றொன்று மாறாது.

டிரைவர் பக்கக் கதவின் லாக்கை மட்டும் மாற்றினால், தொலைந்த சாவியால் அந்தக் கதவைத் திறக்க முடியாது. ஆனால் அந்தச் சாவி இக்னிஷனுக்கு இன்னும் பொருந்தும். சிப்பும் செல்லும். கண்ணாடியை உடைத்து உள்ளே வந்துவிட்டால் கார் அவனுடையது. இதற்கு மேல், உங்களுக்குக் கதவுக்கு ஒரு சாவி, இக்னிஷனுக்கு ஒரு சாவி என்று இரண்டைத் தூக்கிக்கொண்டு அலைகிற வேலையும் வரும்.

கதவு, டிக்கி, இக்னிஷன் என்று முழு லாக் செட்டையும் மாற்றினால் இரும்புப் பூட்டு பத்திரம். ஆனாலும் பழைய சிப் கம்ப்யூட்டரின் ஞாபகத்தில் இருந்துகொண்டேதான் இருக்கும்.

இதற்கு வழி இருக்கிறது. ஷோரூமிலோ நல்ல மிஷின் வைத்திருப்பவரிடமோ, "பழைய சாவி எல்லாத்தையும் அழிச்சிட்டு, கையில் இருக்கிறதை மட்டும் ஏத்துங்க" என்று கேட்க வேண்டும். அப்படிச் செய்தால், வராமல் போன சாவி வெறும் இரும்புத் துண்டு ஆகிவிடும். அதை வைத்து கதவைத் திறக்கலாம், காரை ஓட்ட முடியாது. எத்தனை சாவி பதிவாகி இருக்கிறது என்பதையும் நிறைய மாடல்களில் மிஷினிலேயே பார்க்கலாம். கையில் இருப்பது ஒன்று, மிஷின் காட்டுவது மூன்று என்றால் அங்கேயே உஷார் ஆகிவிட வேண்டும்.

பழைய இரும்புக் கடைகளில் டோர் லாக் மலிவாகக் கிடைக்குதுன்னு வாங்கி மாட்டுகிறவர்களும் உண்டு. அந்த லாக்குக்குரிய சாவி எத்தனை பேரிடம் இருக்கு, யாருக்குத் தெரியும்? நல்ல சாவிக்காரராக இருந்தால், லாக்கைப் பிரித்து உள்ளே இருக்கும் சின்னத் தகடுகளை மாற்றி அடுக்கி, உங்களிடம் இருக்கும் சாவிக்கே பொருந்தும்படி செய்து தருவார். புது லாக் மாட்டினாலும் இதைக் கேட்டு வாங்கலாம்.

திருடனும் மிஷின் வைத்திருக்கிறான்

இம்மொபிலைசர் இருந்தால் கார் திருடவே முடியாது என்றும் சொல்ல முடியாது. சாவிக்கு கோடிங் போடுகிற அதே மிஷின் திருட்டுக் கும்பல் கையிலும் இருக்கிறது. ஸ்டியரிங் கீழே, சர்வீஸ் சென்டரில் ஒயர் சொருகுகிற இடத்துக்கு ஓ.பி.டி. போர்ட் என்று பெயர். கண்ணாடியை உடைத்து, அந்த போர்ட்டில் மிஷினைச் சொருகி, புது சாவியை ஏற்றிக்கொண்டு சில நிமிடத்தில் காரோடு போய்விடுகிறார்கள். டெல்லி போலீசார் இப்படிப்பட்ட கும்பல்களை பலமுறை பிடித்திருக்கிறார்கள்.

நம்ம பக்கமும் இது வந்தாச்சு. 2025-ல் சென்னை அண்ணாநகரில் வீட்டு வாசலில் நின்ற சொகுசு கார் காணாமல் போன வழக்கில், ராஜஸ்தானைச் சேர்ந்த எம்.பி.ஏ. படித்த ஆசாமி ஒருவரை போலீசார் புதுச்சேரியில் கைது செய்தார்கள். தமிழ்நாடு, கர்நாடகம் என்று பல வருடமாக நூற்றுக்கும் மேற்பட்ட கார்களில் கைவரிசை காட்டியதாக அவர் மீது புகார்.

சிப்பின் ரகசிய எண்ணையும் நிபுணர்கள் விட்டு வைக்கவில்லை. 2005-லேயே அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் ஒரு வகை சிப்பை உடைத்துக் காட்டினார்கள். இன்னொரு வகை சிப்பின் ஓட்டையை 2013-ல் வெளியிடப் போனபோது, வோக்ஸ்வேகன் கம்பெனி லண்டன் கோர்ட்டில் தடை வாங்கியது. அந்தக் கட்டுரை 2015-ல்தான் வெளியே வந்தது.

ஆனால் இதெல்லாம் நகரத்து சொகுசு காருக்கு வருகிற ஆபத்து. மிஷினும் லேப்டாப்பும் இல்லாமலே கார் போக வழி இருக்கும்போது திருடன் எதற்கு கஷ்டப்படணும்? பழைய ஓனரோ, அவர் வீட்டு டிரைவரோ, நடுவில் வந்த புரோக்கரோ வைத்திருக்கும் அந்த இன்னொரு சாவியே போதுமே. கண்ணாடி உடையாது, அலாரம் அடிக்காது. அக்கம் பக்கத்தில் யாருக்கும் சந்தேகமும் வராது.

பைனான்ஸ் பீரோவில் ஒரு சாவி

இதில் பைனான்ஸ் விவகாரமும் சேர்ந்துகொள்கிறது. தனியார் பைனான்சில் கடன் வாங்கும்போது ஆர்.சி. புக்கோடு ஒரு சாவியையும் வாங்கி வைத்துக்கொள்வது சில இடங்களில் வழக்கம். தவணை கட்டாவிட்டால் சத்தம் இல்லாமல் வண்டியை எடுக்க அது உதவும். கடன் முடிந்ததும் ஆர்.சி.யைக் கேட்டு வாங்குகிறார்கள். சாவியைக் கேட்க மறந்து விடுகிறார்கள். அந்தக் காரை விற்கும்போது வாங்குகிறவருக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது.

கார் காணோம் என்று புகார் போனால், திருட்டா, பைனான்ஸ்காரர்கள் எடுத்ததா என்ற கேள்விதான் முதலில் எழும்.

இன்ஷூரன்ஸ் கேட்கும் இரண்டு சாவி

கார் திருடு போய், போலீசாரும் தேடி, கிடைக்கவில்லை என்று சான்று கொடுத்த பிறகு இன்ஷூரன்ஸ் கம்பெனி கேட்கும் பட்டியலில் எப்.ஐ.ஆர்., ஆர்.சி., பாலிசி இவற்றோடு காரின் எல்லாச் சாவியும் இருக்கும். ஒரு சாவிதான் இருக்குன்னு சொன்னால் அடுத்த கேள்வி, இன்னொன்று எங்கே? காரிலேயே விட்டுட்டு இறங்கினீங்களா? யாரிடமாவது கொடுத்தீங்களா? வாகனத்தைப் பாதுகாக்க நியாயமான கவனம் எடுக்க வேண்டும் என்பது பாலிசியில் இருக்கும் நிபந்தனை. அதைக் காட்டி பணத்தை நிறுத்தவும் குறைக்கவும் வழி பார்ப்பார்கள்.

இப்படி ஒரு லாரி வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. டிரைவர் சாவியை இக்னிஷனிலேயே விட்டு இறங்கிய நேரத்தில் லாரி திருடு போனது. கம்பெனி பணம் தர மறுத்தது. 2023 ஜூலை 31-ந்தேதி வந்த தீர்ப்பில், முழுசாக மறுக்கக் கூடாது, 75 சதவீதம் கொடு என்று சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. உரிமையாளருக்கு இது வெற்றிதான். ஆனாலும் ஒரு சாவி விஷயத்தில் நாலில் ஒரு பங்கு பணம் போச்சு.

இன்னொன்று டிராக்டர் வழக்கு. 2010 அக்டோபர் 28-ந்தேதி டிராக்டர் திருடு போனது. அன்றைக்கே எப்.ஐ.ஆர். போட்டாச்சு. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்ல 52 நாள் தாமதம் ஆனது. அதைக் காட்டி கம்பெனி கையை விரித்தது. உடனே போலீசில் புகார் கொடுத்திருந்தால், கம்பெனிக்குத் தாமதமாகச் சொன்ன ஒரே காரணத்துக்காக பணத்தை மறுக்கக் கூடாது என்று 2020 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டின் மூன்று நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். திருடு போனது 2010, தீர்ப்பு வந்தது 2020. ஒன்பது வருஷத்துக்கு மேல் ஒரு டிராக்டருக்காக அலைச்சல்.

இந்தத் தீர்ப்பிலிருந்து நம்ம ஊர்க்காரர்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று. வண்டி காணோம் என்றதும் சொந்தக்காரர் வீடு, மெக்கானிக் ஷெட் என்று இரண்டு நாள் தேடிக்கொண்டு இருக்கக் கூடாது. அன்றைக்கே ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். 2024 ஜூலை 1-லிருந்து அமலில் இருக்கும் புதுச் சட்டப்படி, எந்த எல்லையில் திருடு போனாலும் எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம். திருவண்ணாமலை கிரிவலத்துக்குப் போன இடத்தில் கார் போனாலும் உத்திரமேரூர் ஸ்டேஷனில் எழுதிக் கொடுக்கலாம். ஆட்களையோ சரக்கையோ ஏற்றும் வாகனத்தைத் திருடினால் பாரதிய நியாய சன்ஹிதா 305-வது பிரிவில் ஏழு வருடம் வரை ஜெயில்.

சாவி மட்டும் தொலைந்தால் சாதாரண பாலிசியில் பணம் வராது. சாவிக்கென்று தனியாக ஒரு கவர் இருக்கிறது. பிரீமியத்தோடு கொஞ்சம் கூடுதலாகக் கட்டினால் சாவி, லாக் செட் செலவைக் கொடுப்பார்கள். புதுப்பிக்கும்போது ஏஜெண்டிடம் கேட்டுப் பார்க்கலாம். திருடு போன சாவி என்றால் போலீஸ் புகார் நகல் கேட்பார்கள்.

படிவத்தில் இல்லாத ஒரு வரி

கார் கைமாறும்போது காஞ்சீபுரம் ஆர்.டி.ஓ. ஆபீசில் படிவம் 29, படிவம் 30 கொடுக்கிறோம். படிவம் 29-ல் விற்கிறவர் கையெழுத்துப் போடுகிறார். வண்டி நம்பர், சேஸிஸ் நம்பர், இன்ஜின் நம்பர் எல்லாம் அதில் எழுத வேண்டும். ஆர்.சி.யும் இன்ஷூரன்ஸும் வாங்குகிறவரிடம் ஒப்படைத்தாச்சு என்ற வாசகமும் அதில் இருக்கும். சாவியைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

பழைய கார் வியாபாரிகளுக்கு மத்திய அரசு 2022 டிசம்பரில் புது விதி கொண்டு வந்தது. 2023 ஏப்ரல் 1-லிருந்து அது அமலுக்கு வந்தது. பதிவு பெற்ற வியாபாரி கைக்கு வண்டி போனதும் அவரே அதற்குப் பொறுப்பு. வண்டியை எங்கே எடுத்துப் போனார், யார் ஓட்டினார் என்று பதிவேடு வைக்க வேண்டும். நல்ல விதிதான். ஆனால் கிராமங்களில் பாதி வியாபாரம் டீக்கடை பெஞ்சில், தெரிந்த புரோக்கர் மூலமாக முடிகிறது. அங்கே பதிவேடும் இல்லை, படிவமும் பல மாதம் கழித்துத்தான்.

உத்திரமேரூருக்கு எழுதி வைக்கிற பழக்கம் புதுசு இல்லை. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால், பராந்தக சோழன் காலத்தில், யார் தேர்தலில் நிற்கலாம், யார் நிற்கக் கூடாது என்று வைகுண்டப் பெருமாள் கோவில் சுவரில் வெட்டி வைத்த ஊர் இது. கணக்கு காட்டாதவனும், பிறர் பொருளைத் திருடினவனும் நிற்கக் கூடாது என்று அதில் இருக்கிறது. அப்படிப்பட்ட ஊரில் லட்சக்கணக்கில் பணம் கைமாறும் கார் வியாபாரத்தில் ஒரு வரி சேர்த்து எழுதுவது பெரிய வேலையா? எத்தனை சாவி கொடுத்தேன், வேறு சாவி என்னிடம் இல்லை என்று விற்கிறவர் ஒரு பேப்பரில் எழுதி, தேதி போட்டு, கையெழுத்து வைத்தால் போதும். பின்னால் இன்ஷூரன்ஸ் கம்பெனி கேள்வி கேட்கும்போது அந்தப் பேப்பர் பேசும்.

வாங்கும் முன் கவனிக்க

இரண்டு சாவியையும் வாங்கி, இரண்டிலும் காரை ஸ்டார்ட் பண்ணிப் பார்க்க வேண்டும். கதவைத் திறந்து காட்டினால் நம்பக் கூடாது. சிப் இல்லாத டூப்ளிகேட் சாவியும் கதவைத் திறக்கும். ஸ்டார்ட் பண்ணும்போது இரண்டையும் ஒரே கொத்தில் வைத்துப் பார்க்காதீர்கள். பக்கத்தில் இருக்கும் சாவியின் சிப் குழப்பம் செய்யலாம்.

ஒரு சாவிதான் இருக்கிறது என்றால், புது சாவி போடவும் பழையதை அழிக்கவும் ஆகிற செலவை ஷோரூமில் கேட்டு, விலையில் கழிக்கச் சொல்ல வேண்டும். பேசி முடித்த பிறகு கேட்டால் யாரும் தர மாட்டார்கள்.

பைனான்ஸ் இருந்த வண்டி என்றால், கடன் முடிந்த கடிதத்தோடு, சாவி எதுவும் நிலுவையில் இல்லை என்றும் எழுதி வாங்க வேண்டும். கோடிங் போட்டதற்கு பில் வாங்கி வைக்க வேண்டும். எத்தனை சாவி ஏற்றினார்கள் என்று அந்த பில்லில் இருப்பது நல்லது.

பழைய கார், டிராக்டர் வைத்திருப்பவர்கள் ஸ்டியரிங் பூட்டோ, பேட்டரி கரண்டைத் துண்டிக்கும் ஸ்விட்சோ போட்டுக்கொள்ளலாம். செலவு அதிகம் இல்லை. திருடனுக்கு பத்து நிமிஷம் கூடுதலாக வேலை வைத்தாலே பாதிப் பேர் ஓடிவிடுவான்.

ஆர்.சி. நகலும் அடையாள அட்டையும் பார்க்காமல் யாருக்கும் கார் சாவி போடுவதில்லை என்று சாவிக் கடைக்காரர்கள் முடிவு எடுத்து, ஒரு நோட்டில் எழுதி வந்தால் போலீசாருக்கும் உதவியாக இருக்கும். படிவம் 29-ல் சாவி எண்ணிக்கைக்கு ஒரு வரி சேர்ப்பது மத்திய போக்குவரத்து அமைச்சகத்தின் கையில் இருக்கிறது. அது வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒற்றைச் சாவியோடு கார் வைத்திருப்பவர்கள் அடுத்த சர்வீசுக்குப் போகும்போதே கேட்கலாம்: என் காரில் எத்தனை சாவி பதிவாகி இருக்குது?